முற்றிய புற்றும் ஏழையின் ஆயுளும்

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய் நம் தேசத்தில் மிகப் பரவலானது. புகையிலையும் பாக்கும் மதுவும் அதன் முக்கிய காரணங்கள். ஆரம்பத்திலேயே கண்டால் அறுவையாலும் கதிர் சிகிச்சையாலும் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ஆனால் நம் நோயாளிகளிற் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே ஆஸ்பத்திரியை அடைகின்றனர். அவர்களிற் பலருக்கு, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைவிரிப்பதே வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் இனிச் செல்லாதென்பது நமது அபிப்பிராயம்.

மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி வைத்தியர்கள் 2022-ஆம் வருஷத்தில் வெளியிட்ட பரிசோதனை முடிவே இதற்குச் சான்று. குணமாக்கும் சிகிச்சைக்கு அப்பாற்பட்ட 151 நோயாளிகள் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு மெதோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்னும் மூன்று வாய்வழி மருந்துகள் மட்டும் தரப்பட்டன. மற்றவர்க்கு அவற்றோடு நிவோலுமாப் என்னும் மருந்து மூன்று வாரங்களுக்கொருமுறை 20 மில்லிகிராம் செலுத்தப்பட்டது. ஓராண்டு உயிர்தரித்தோர் முன்னவரில் நூற்றுக்கு 16.3, பின்னவரில் 43.4. பாதிப் பேர் உயிருடனிருந்த காலம் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாக நீண்டது.

புற்று, உடலைக் காக்கும் வெள்ளணுக்களுக்குத் தடையிட்டுத் தப்புகிறது. அத்தடையை அகற்றுவதே நிவோலுமாப்பின் வேலை. மேனாடுகளில் அதை ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம் தருவதுண்டு. அதிற் பன்னிரண்டில் ஒரு பங்கே இங்கு பயன் தந்தது. அளவைக் குறைத்துப் பார்ப்பதில் மருந்து விற்பவருக்கு லாபமில்லை. ஆதலின் அக்கேள்வியை நம்மவரே கேட்க வேண்டியிருந்தது. விடையையும் நம்மவரே கண்டனர்.

ஆயினும் விடை மும்பையில் இருந்தாற் போதுமா? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டாவது மலைப்பாதையின் அடியிலுள்ள குப்பனூரை எடுத்துக்கொள்வோம். அங்கோ, அதற்கு மேலுள்ள சேர்வராயன் மலைத் தோட்டங்களிலோ கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு, கஞ்சியும் இறங்காத நிலையில் மும்பையென்ன, சென்னையே தூரதேசம். இச்சிகிச்சையோ அவருக்கென்றே அமைந்தது போன்றது. வாய்வழி மருந்துகளை வைத்தியர் மேற்பார்வையில் வீட்டிலேயே உட்கொள்ளலாம்; ஊசிக்கு மட்டும் மூன்று வாரத்திற்கொருமுறை சேலம் வந்தாற் போதும். நிவோலுமாப் 40 மில்லிகிராம் குப்பியிலும் வருகிறது. நோயாளிகளை ஒரே நாளில் வரவழைத்தால் ஒரு குப்பி இருவருக்காகும்.

சில மாத ஆயுளுக்காக இவ்வளவு செலவா என்று கேட்பாருமுளர். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோதும் இத்தகைய பேச்சு எழாமலில்லை. வருமுன் காப்பதே சிறந்தது என்பதில் நமக்கும் ஐயமில்லை. புகையிலையை ஒழிப்பதும், ஆறாத புண்ணைக் காலத்தில் சோதிப்பதும் அவசியமே. ஆனால் வந்துவிட்டவனைக் கைவிடுவதற்கு அது சாக்காகாது.

ஒவ்வொரு ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரியிலும் இச்சிகிச்சை ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்குமாறு சர்க்கார் தாமதமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும். நம் நாட்டு அறிவின் பயன் முதலில் நம் நாட்டு ஏழைக்கே சேர வேண்டும்.