ஆற்றங்கரைச் சாலையில் மிதிவண்டி



விடுமுறை நாள்கள் நெருங்கும்போது, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்னும் வினா குடும்பங்களில் எழுவது இயல்பு. மலைவாழ் நகரங்களுக்குப் போகலாமா, கடற்கரைக்குப் போகலாமா என்று கணக்கிட்டு, இறுதியில் செலவை எண்ணி வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்கள் பல. இவர்கள் செலவின்றி மகிழ்ந்து வரத்தக்க வழி ஒன்று உண்டு. வீட்டின் பின்புறச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டு, காற்றிறங்கிய டயருடன் துருவேறிக் கிடக்கும் மிதிவண்டியே அவ்வழிக்கு வாகனம். இத்திங்கள் அதனைக் குறித்துச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

மிதிவண்டிக்கு ஏற்ற நிலம் எது? மேடு பள்ளம் குறைந்ததாகவும், நிழலும் நீரும் உள்ளதாகவும், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு சிற்றூர் எதிர்ப்படுவதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தது நமது காவிரிப் படுகை. கல்லணை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பூம்புகாரில் கடலைத் தொடும் வரை நிலம் மெல்ல மெல்லத் தாழ்கிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை மீட்டர்தான் இறக்கம். கண்ணுக்குத் தெரியாத இச்சரிவே நீரை வாய்க்கால் வாய்க்காலாக வயல்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. அதே சரிவில்தான் முதியவரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் வண்டி மிதித்துச் செல்ல முடிகிறது.

ஆற்றங்கரைச் சாலை என்பதும் சிந்திக்கத் தக்க ஒன்று. வெள்ளத்தைத் தடுக்க நம் முன்னோர் ஆறுகளின் இருமருங்கிலும் கரை எழுப்பினர். மழைக்காலத்தில் வயல்வெளி முழுதும் நீர் நிற்கையில், கரை ஒன்றே உலர்ந்த வழியாயிற்று. நடந்தவர் தடம் வண்டித்தடமாகி, வண்டித்தடம் காலப்போக்கில் தார்ச்சாலையாகிவிட்டது. ஆதலால் இச்சாலைகள் ஆறு வளைந்தவிடத்துத் தாமும் வளைந்து செல்கின்றன. விரைந்து செல்ல விரும்புவோர் நேர்சாலையை நாடிப் போய்விடுகின்றனர். அதனால் கரைச்சாலைகளிற் பல இன்றும் அமைதியாக இருக்கின்றன.

முதலாவது, கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி செல்லும் வழி. சுமார் 20 கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் இரண்டு மணி நேரம் ஆகும். புறப்படுமுன் கல்லணையைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நலம். கரிகாற் சோழன் பெயரோடு வழங்கும் இவ்வணை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆற்று மணலில் பெருங்கற்களை இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைபெற விட்டு, அவற்றின்மேல் களிமண் சேர்த்துக் கல்லடுக்கிய முறையைக் கண்டு, ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வியந்தார். மணலிலும் அடித்தளம் இடலாம் என்று இங்குக் கற்ற பாடத்தைக் கொண்டே அவர் 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுப்பினார். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் இங்கே பிரிந்து செல்வதைப் பிள்ளைகள் நேரிற் கண்டால், பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தது உயிர் பெறும்.

அங்கிருந்து கிழக்கே செல்கையில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலம் சிலவிடங்களில் மிகக் குறுகிவிடும். வாழையும் தென்னையும் மூங்கிலும் செறிந்த படுகை நிலம் அது. வழியிற் கோவிலடி என்னும் சிற்றூர். பின்னர்த் திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி ஆறு காவிரியிலிருந்து பிரிகிறது. மேலும் சில கிலோமீட்டர் மிதித்தால் பூண்டி அன்னையின் திருத்தலம். வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றும் பெஸ்கி அடிகளார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குக் கோயில் எழுப்பினார். 1999-இல் இது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பேருந்திலும் வேனிலும் பூண்டிக்குச் சென்றோர் பல்லாயிரவர். ஆற்றங்காற்று முகத்தில் வீச, அந்தக் கோபுரங்கள் மரங்களுக்கு மேலே சிறிது சிறிதாக உயர்ந்து தோன்றுவதை மிதிவண்டியில் செல்வோர் நிதானமாகக் காணலாம்.

இரண்டாவது, திருவையாற்றிலிருந்து தஞ்சை வரை உள்ள வழி. 13 கிலோமீட்டர்தான். ஆயினும் இதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். ஐயாறு என்னும் பெயர்க்குச் சொல்லப்படும் காரணமும் இதுவே. ஒவ்வொரு பாலத்திலும் வண்டியை ஓரமாக நிறுத்தி, இந்த ஆற்றின் பெயர் என்ன, எங்கே பிரிந்தது, எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேட்கலாம். இது பேருந்துகள் மிகுந்த சாலை. ஆதலால் விடியற்காலையில் மட்டும் செல்வதே தக்கது. தியாகராசர் வாழ்ந்து 1847-இல் மறைந்த ஊரும் திருவையாறே. அவரது சமாதி காவிரிக் கரையில் உள்ளது.

மூன்றாவது, குடந்தையைச் சுற்றியுள்ள சிறு வட்டம். சுவாமிமலையில் இன்றும் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றிப் படிமங்கள் வார்க்கின்றனர். ஆற்று மண் வயலில் நெல்லாகிறது; பட்டறையில் சிலையின் வடிவம் காக்கும் கூடாகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் எழுப்பிய கற்கோயில் அது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. ஒரு காலைப் பொழுது இவ்விரண்டுக்கும் போதும்.

எப்பொழுது செல்வது? மேட்டூர் அணை 1934 முதல் பயன்பட்டு வருகிறது. ஜூன் 12 அதனைத் திறக்கும் மரபு நாள். திறந்த நீர் கல்லணையை அடைய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். நீர் குறைந்த ஆண்டுகளில் நாள் தள்ளிப் போவதும் உண்டு. 2024-இல் ஜூலை இறுதியிலேதான் திறந்தனர். புதுநீர் வரும் நாள்களில் கரைச்சாலை கண்ணுக்கு விருந்து. ஆயினும் வெயில் கடுமை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே மார்கழிப் பனி விலகிய தை, மாசி மாதங்களே சிறந்தவை. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் நிழலடைந்துவிடுதல் வேண்டும்.

தை மாதத்தில் ஒன்றை நினைவிற் கொள்க. சம்பா அறுவடை முடிந்ததும், களம் இல்லாத உழவர் சாலையிலேயே நெல்லைக் காயப்போடுவர். நான்கு மாத உழைப்பு அங்கே கிடக்கிறது. ஈரப்பதம் மிகுந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை ஏற்க மாட்டார்கள் என்னும் அச்சத்தோடு அதன் அருகே ஒருவர் அமர்ந்திருப்பார். வண்டியை விட்டிறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு செல்வதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.

வண்டியையும் சரிபார்த்தல் வேண்டும். முன்பின் பிரேக்குகள் பிடிக்கின்றனவா, செயின் தொய்ந்திருக்கிறதா, மணி ஒலிக்கிறதா, பின்புறம் ஒளி பிரதிபலிக்கும் சிவப்புப் பட்டை உள்ளதா என்று நோக்குக. காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், குடிநீரும் உடனிருக்கட்டும். ஒருவர் பின் ஒருவராகச் செல்க. சிறுவரை நடுவில் விட்டு, பெரியவர் முன்னும் பின்னும் செல்லுதல் முறை.

ஆற்றில் இறங்குதல் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. 2022 அக்டோபரில், பூண்டிக்கு வந்த திருப்பயணிகள் ஆறு பேர் கொள்ளிடத்தில் குளிக்கச் சென்று வெள்ளத்தில் உயிரிழந்தனர். மேலே அமைதியாகத் தோன்றும் நீருக்கு அடியில் இழுப்பும், மணற்படுகையில் ஆழ்ந்த பள்ளங்களும் இருக்கக்கூடும். மதகு திறந்தால் நீர்மட்டம் விரைவில் உயரும். நீச்சல் அறிந்தவரும் இதற்கு விலக்கல்லர். கரையிலிருந்தே ஆற்றைக் கண்டு மகிழ்வோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கருத்துக்கு வருவோம். இச்சாலைகளில் நாம் இன்பத்துக்காக ஒருநாள் செல்கிறோம். பிழைப்புக்காக நாள்தோறும் இதே சாலையில் மிதிப்பவர் யாவர்? கேரியரில் பால்கேனைக் கட்டிச் செல்லும் முதியவர். மண்வெட்டியைத் தோளிற் சாய்த்து வயலுக்குப் போகும் தொழிலாளி. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டியில் மேல்நிலைக் கல்வி தேடி அடுத்த ஊர் செல்லும் சிறுமி. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் சேர்த்துக் கற்பித்தபோது, கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாது பல்லாயிரம் கிராமப் பெண்கள் முன்வந்தனர். பேருந்துக்காகவும், கணவன் அல்லது மகனின் துணைக்காகவும் காத்திராமல், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் தாமே சென்று வந்தனர். ஆக, இரண்டு சக்கரத்தில் ஒரு பெண்ணின் விடுதலையே அடங்கியிருந்தது.

அவர்களை இன்று சாலையில் நாம் எவ்வாறு நடத்துகிறோம்? பங்குக் குடும்பங்களில் மோட்டார் சைக்கிளும் காரும் பெருகியுள்ளன, அது குற்றமன்று. ஆனால் பின்னாலிருந்து ஒலிப்பானை அலறவிட்டு, மிதிவண்டிக்காரரைத் தார்ச்சாலையினின்று மண்ணில் இறக்கிவிட்டே நாம் முந்திச் செல்கிறோம். கரைச்சாலையில் மண்ணோரம் அடிக்கு அடி குறைந்து, அப்பால் சரிவாக இருப்பதை நாம் காண்பதில்லை. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளிருந்து காண்போர்க்கு அது தெரியாது. இருக்கையில் அமர்ந்து மிதித்துப் பார்த்தவர்க்கு மட்டுமே, பின்னே வரும் லாரியின் ஓசை முதுகில் எவ்வாறு உறைக்கும் என்பது தெரியும்.

ஆதலால்தான் குடும்பத்தோடு ஒருநாள் மிதிவண்டியில் செல்லுங்கள் என்கிறோம். அந்த ஒருநாள், மற்ற நாள்களில் நாம் வண்டி ஓட்டும் முறையை மாற்றும். சாலையில் நம்மினும் மெலியவருக்கு வழி விடுதல் அயலாரன்பின் மிக எளிய பாடம். அதனைப் பிள்ளைகள் தந்தையின் சொல்லைவிட, தந்தை பிரேக் பிடிப்பதைக் கண்டே கற்பர்.

ஒரு தலைமுறைக்கு முன்பு, எட்டாத சட்டத்தின் ஊடே காலை நுழைத்துக் குரங்குப்பெடல் அடித்து, முழங்காலில் சிராய்ப்போடு பழகிய சிறுவரே இன்று தந்தையர். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து எடுத்த வண்டிக்கு அவர்கள் எத்துணை ஏங்கினர்! அத்தந்தையர் தம் பிள்ளைகளுக்கு, மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும், இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடிக் கற்றுக்கொடுக்கட்டும். வீட்டிலுள்ள பழைய வண்டி பயனின்றிக் கிடக்குமாயின், செப்பனிட்டு, நடந்தே பள்ளி செல்லும் ஏழைப் பிள்ளை ஒருவருக்குக் கொடுப்பதும் நற்செயலே.

வரும் சனிக்கிழமை மாலை வண்டிக்குக் காற்றடித்து வைப்பீர்களாக. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், உங்கள் ஊரின் ஆற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ ஐந்து கிலோமீட்டர் சென்று வாருங்கள். கல்லணையும் பூண்டியும் பின்னர் வரலாம். எதிரே பால்கேனோடு வருபவர் யாராயினும், மணியடித்து வணக்கம் சொல்லுங்கள். அடுத்த முறை மோட்டாரில் செல்லும்போது அவர் முகம் உங்கள் நினைவில் இருக்கும்.