நாய்க்கு வளைகாப்பு வேண்டாம், தெர்மாமீட்டர் போதும்

வீட்டு நாய் சினையானதும் அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, வளையல் மாட்டி வளைகாப்பு நடத்திய செய்தி அவ்வப்போது பேப்பரில் வருகிறது. கூடவே போட்டோவும் இருக்கும். நாயின் முகத்தைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும் :-) எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. பாசம்தானே! ஆனால் அந்தப் பாசம் மொத்தமும் இரண்டு மாசம் சாப்பாட்டுத் தட்டில் கொட்டித் தீர்ந்துபோய், குட்டி போடுகிற ராத்திரிக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடுகிறது என்பதுதான் என் கட்சி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். பசுமலையில் எங்கள் தெருவில் சின்ன நாய் வளர்க்கும் வீடுகள் நிறைய. பக்கத்து வீட்டு அத்தையின் நாய் சினையானபோது டாக்டரிடம் கூடமாட போய்வந்தேன். மற்றதெல்லாம் தேடித் தேடிப் படித்தது. என் தகுதி அவ்வளவுதான்.

நாம் பாமரேனியன் என்று சொல்லும் நாய் பெரும்பாலும் பாமரேனியனே இல்லை. அது இந்தியன் ஸ்பிட்ஸ். அதில் சின்ன ரகமே ஐந்து முதல் ஏழு கிலோ வரை இருக்கும். நிஜமான பாமரேனியன் இரண்டு, மூன்று கிலோதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டுக்காரர்கள் பாமரேனியனுக்கு எழுதி வைத்த சாப்பாட்டு அளவையும் மருந்து அளவையும் அப்படியே நம் நாய்க்குப் பொருத்தக்கூடாது. எடை போட்டுப் பார்த்து, டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பக் கதை வேறு. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய அந்த நாயைப் பார்த்து ஊரெல்லாம் பக் வாங்கியது. தட்டை மூக்கு, பெரிய தலை. தாய்க்கு மூச்சே சிரமம், குட்டியின் தலையோ வழியில் மாட்டும். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், இதே போன்ற தட்டை முக இனங்களான பாஸ்டன் டெரியர், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் மூன்றிலும் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் என்று வந்தது. பக் வைத்திருப்பவர்கள் இணை சேர்ப்பதற்கு முன்பே ஆபரேஷனுக்குப் பணம் எடுத்து வைக்க முடியுமா என்று யோசித்துக்கொள்வது நல்லது.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். நாய் சினை என்று தெரிந்த அன்றே எல்லோரும் செய்யும் முதல் காரியம், மெடிக்கலுக்குப் போய் கால்சியம் டானிக் வாங்குவது. 'குட்டிக்கு எலும்பு வளரணும்ல?' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது தலைகீழ். நாயின் கழுத்தில், தைராய்டுக்குப் பக்கத்தில், பாராதைராய்டு என்று குட்டிக் குட்டிச் சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. சினைக் காலம் முழுக்க வெளியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால், வேலை இல்லை என்று அவை சோம்பிப் போகும். குட்டி பிறந்து இரண்டு, மூன்று வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும்போது திடீரென்று ஏகப்பட்ட கால்சியம் தேவைப்படும். சோம்பிக் கிடந்த சுரப்பிக்கு அந்த வேகம் வராது. நாய் மூச்சிரைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், கால் விறைக்கும், நடுங்கும், கடைசியில் வலிப்பு. உடம்பு கொதிக்கும். சின்ன நாய்களுக்கு, அதிலும் நிறைய குட்டி போட்டவற்றுக்கு, இது வரும் வாய்ப்பு அதிகம். உடனே டாக்டரிடம் போய் நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் பிழைக்கும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மாடு வளர்ப்பவர்களிடம் 'பால் காய்ச்சல்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். கிட்டத்தட்ட அதன் நாய் வடிவம்தான் இது. ஆகவே சினைக் காலத்தில் டாக்டர் சொல்லாமல் டானிக் வேண்டவே வேண்டாம். முதல் ஐந்து வாரம் வழக்கமான சாப்பாடே போதும். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வயிற்றில் இடம் குறைவதால் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். பால் கொடுக்கும் காலத்தில்தான் இரண்டு, மூன்று மடங்கு சாப்பாடு கேட்கும். நம் ஊரில் குட்டி பிறந்ததும் கவனம் முழுக்கக் குட்டி மேல் போய்விடுவதால், தாய்க்குப் பழைய சோறுதான் :-(

தேதி விஷயத்துக்கு வருவோம். சுமார் 63 நாள் கணக்கு. ஆனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் காலண்டரில் ஒரே நாளில் வட்டம் போடுவது பிரயோஜனமில்லை. 55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். 'இன்னும் ஒண்ணு உள்ள இருக்கா, இல்லையா?' என்று நடுராத்திரியில் வீடே பட்டிமன்றம் நடத்த வேண்டாம் பாருங்கள். ஒரே ஒரு குட்டி என்று தெரிந்தால் இன்னும் கவனம். ஒற்றைக் குட்டி பெரிதாக வளர்ந்துவிடும், வலியும் சரியாக ஆரம்பிக்காமல் போகலாம்.

அடுத்தது தெர்மாமீட்டர். சாதாரண டிஜிட்டல் போதும். 58-ம் நாளிலிருந்து தினம் இரண்டு, மூன்று வேளை, நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். வழக்கமாக 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும் சூடு 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி வந்துவிடும். இறங்கி ஒரு நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போட வேண்டும். எனக்குத் தெரிந்து நாயை வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய ஆக உபயோகமான காரியம் இதுதான். வளையலை விட விலையும் அதிகமில்லை!

வலி வந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்து வைக்க வேண்டும். நன்றாக முக்கி அரைமணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் கிளம்ப வேண்டும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் அப்படித்தான். முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சையும் கறுப்புமாகக் கசிந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக்கூடாது.

'காலைல பாத்துக்கலாம்' என்று சொல்லி வாசல் லைட்டை அணைக்கிற வீடுகளில்தான் குட்டி சாகிறது, சில சமயம் தாயும் சேர்ந்து. இன்னொரு கொடுமை, யாரோ ஒரு கம்பவுண்டரைக் கூப்பிட்டு ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொல்வது. குட்டி குறுக்கே மாட்டியிருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் கர்ப்பப்பையே கிழிய வாய்ப்புண்டு. டாக்டர் பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகு போட வேண்டிய மருந்து அது.

சரி, கிளம்பினால் எங்கே போவது? அரசு கால்நடை மருத்துவமனை தல்லாகுளத்தில். பசுமலையிலிருந்து ஊரைத் தாண்டி, வைகையைத் தாண்டிப் போக வேண்டும். ராத்திரியில் யார் இருப்பார்கள், இல்லையென்றால் எந்தத் தனியார் டாக்டர் போன் எடுப்பார் என்று பகலிலேயே நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோக்காரரிடமும் முன்பே பேசி வைக்க வேண்டும். 'நாயா? வேணாம் தம்பி' என்று நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. தேதி சித்திரைத் திருவிழாவில் விழுந்ததோ, தீர்ந்தது. எதிர்சேவை அன்றும், அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் மனுஷனே நுழைய முடியாது. தை கடைசியில், மாசியில் இணை சேர்க்கிறவர்கள் இதையும் கணக்குப் போட வேண்டும்.

பெட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிவி வந்த அட்டைப்பெட்டி, அடியில் பழைய பேப்பர், மேலே துவைத்த பருத்தித் துணி (நூல் பிரிந்த துணி வேண்டாம், குட்டியின் கழுத்தில் சுற்றும்). கொதிக்க வைத்த நூல், கத்தரிக்கோல், பீட்டாடின், சமையலறைத் தராசு. தினமும் எடை போட்டால், ஏறாத குட்டி உடனே தெரிந்துவிடும். பல்பு விஷயம் மட்டும் நம் ஊருக்கு மாற்றி யோசிக்க வேண்டும். முதல் வாரம் குட்டி படுத்திருக்கும் இடம் 85, 90 டிகிரி இருக்க வேண்டும் என்று வெளிநாட்டில் விளக்கு கட்டச் சொல்வார்கள். சித்திரை மதுரையில் ரூமே அதைத் தாண்டியிருக்கும், அங்கே போய்ப் பல்பு கட்டினால் குட்டி வெந்துவிடும். மார்கழியில் சூடு வேண்டும், ஆனால் எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைத்தால், குட்டி வேண்டும்போது ஒட்டிக்கொள்ளும், வேண்டாதபோது நகர்ந்துகொள்ளும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் பதில், 'ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் பெட்டைக்கு நல்லது.' அப்படி எதுவும் கிடையாது. குட்டி போடுவதால் பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது நிற்காது. கருத்தடை ஆபரேஷன் செய்தால்தான் நிற்கும். விற்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகள் உண்டு. எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக்கூடாது. ஆனால் நாற்பதாம் நாளே கூடையில் வைத்துக் கொடுத்து அனுப்புவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அத்தை வீட்டு நாய் சினையாக இருந்தபோதே தெருவில் கேட்டுப் பார்த்தேன். கடுவன் குட்டி என்றால் வாங்கிக்கொள்ள நான்கு வீடு தயார். பெட்டை என்றால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறந்தது மூன்று, அதில் இரண்டு பெட்டை. ஒன்று அத்தையிடமே இருக்கிறது. இன்னொன்றை என் கிளாஸ்மேட் ஒருவன், அவன் அம்மாவிடம் இரண்டு வாரம் கெஞ்சி, திருநகருக்குக் கொண்டுபோனான்.