மேப்பில் தீவு தேடும் வேட்டை: ஆர்க்டிக்கில் புதுத் தீவுகள் முளைப்பது ஏன்? நாடுகளுக்கு இதில் என்ன லாபம்?

ரஷ்யாவில் கடல்சார் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த மாணவி அவர். 2016ஆம் ஆண்டு, இறுதி ஆய்வுக்காக ஆர்க்டிக் பகுதியின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோவாயா செம்லியா தீவுக்கூட்டத்தில், வீஸே விரிகுடாவில், சில புள்ளிகள் அவர் கண்ணில் பட்டன. பழைய மேப்பில் அந்த இடம் முழுக்க வெறும் பனி. புதிய படத்தில் பனி பின்வாங்கியிருக்கிறது, தண்ணீர் தெரிகிறது, நடுவே கறுப்பாக ஏதோ நிற்கிறது.

மூன்று வருடம் கழித்து, 2019இல், ரஷ்யக் கடற்படையின் வடக்குப் பிரிவு நேரில் போய்ப் பார்த்தது. புள்ளிகள் உண்மைதான். மொத்தம் ஐந்து தீவுகள். சின்னது 900 சதுர மீட்டர், அதாவது சென்னைக் கணக்கில் சுமார் நாலு கிரவுண்ட் மனை. பெரியது 54,500 சதுர மீட்டர், பதின்மூன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

உலகத்தையே அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தாச்சு, இன்னும் கண்டுபிடிக்காத தீவு இருக்குமா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. இருந்த தீவு காணாமல் போவதும் நடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து மேப்பை நகர்த்திப் பார்க்கும் பொழுதுபோக்கு, சில நேரம் இரண்டு நாடுகளின் எல்லைப் பிரச்சினை வரை போய் நிற்கிறது.

தீவு எப்படித் திடீரென்று வரும்?

வீஸே விரிகுடாவில் எந்தத் தீவும் கடலுக்கு அடியிலிருந்து எழும்பி வரவில்லை. அங்கே நிலம் ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் நான்சென் என்ற பனியாறு படுத்திருந்தது. மலையிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து கடலில் இறங்கும் பனிக்கட்டிப் படுகையைத்தான் பனியாறு என்கிறோம். அது உருகிப் பின்வாங்கும்போது, அடியில் கிடந்த மேடு வெளியே வருகிறது. சுற்றிலும் கடல்நீர் புகுந்துவிட்டால் அது தீவு.

இது ரஷ்யாவில் மட்டும் நடக்கும் கதை இல்லை. 2005இல் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையிலும் இதுவே நடந்தது. தலைநிலத்தோடு சேர்ந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு நீட்சி, நடுவிலிருந்த பனிப் பாலம் உடைந்ததும் தனித்தீவாகிவிட்டது. உலக ஊடகங்கள் அதை 'வெப்பமயமாதல் தீவு' என்றே அழைத்தன.

காரணம் புதிதல்ல. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்று 2022இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

அதே சூடு தீவுகளை அழிக்கவும் செய்கிறது. சைபீரியாவுக்கு வடக்கே சில தீவுகளில் பாறையே கிடையாது. பல ஆயிரம் வருடமாக உறைந்த மண்ணும் பனியும்தான். பனி இளகினால் மண் சரிந்து கடலோடு போய்விடும். லாப்தெவ் கடலிலிருந்த வசிலியெவ்ஸ்கி, செமியோனொவ்ஸ்கி என்ற இரண்டு தீவுகள் 20ஆம் நூற்றாண்டிலேயே இப்படிக் கரைந்தன. இது நம் செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தைய கதை. சமீபத்தில், 2024இல், பிரான்ஸ் ஜோசப் லாந்து பகுதியில் மெஸ்யாட்செவ் என்ற பனித்தீவு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது என்பதும் ரஷ்ய மாணவர்கள் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோதுதான் தெரியவந்தது.

கண்ணால் பார்த்தும் ஏமாந்த விஞ்ஞானிகள்

சரி, படத்தில் புள்ளி தெரிந்தால் தீவு என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் சிக்கல். படம் என்ன, நேரில் காலை வைத்தவர்களே ஏமாந்த கதை இருக்கிறது.

2021 ஜூலை. கிரீன்லாந்தின் வட கோடிக்கு ஹெலிகாப்டரில் ஒரு ஆய்வுக் குழு போனது. 1978இல் கண்டுபிடிக்கப்பட்ட ஊடாக் என்ற குட்டித் தீவில் இறங்கியதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். திரும்பி வந்து இடத்தைச் சரிபார்த்தால், அவர்கள் நின்றது அதற்கும் 780 மீட்டர் தள்ளி. சுமார் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் மண்ணும் சரளைக் கல்லும் சேறும். 'உலகின் வட கோடித் தீவு கண்டுபிடிப்பு' என்று ஆகஸ்டில் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது.

அடுத்த வருடம் டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் மறுபடி போய், அந்த இடத்தில் கடலின் ஆழத்தை அளந்தார்கள். 25 மீட்டருக்கும் அதிகம். அப்படியானால் காலடியில் இருந்தது தரை அல்ல, மேலே மண்ணும் கல்லும் சுமந்து தரைதட்டி நிற்கும் தட்டையான பனிப்பாறை. புதிய தீவு மட்டுமல்ல, நாற்பது வருடமாக மேப்பில் இருந்த ஊடாக்கும் சேர்ந்தே அடிபட்டுப் போனது. 'வட கோடித் தீவு' பட்டம் பழையபடி காஃபெக்ளுப்பன் தீவுக்கே திரும்பியது. பெயரைப் பார்த்தீர்களா, கோபன்ஹேகனில் புவியியலாளர்கள் கூடும் காபி கிளப்பின் நினைவாக வைத்தது!

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இந்த மாதிரி ஏமாற்றத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு. 1811இல் சான்னிகோவ் என்ற ரஷ்யர், வடக்கே தொலைவில் ஒரு நிலம் தெரிந்ததாகச் சொன்னார். பின்னாளில் எடுவார்ட் டோல் என்ற ஆய்வாளர் தானும் அதைப் பார்த்ததாக உறுதியாக நம்பினார். 1902இல் அதைத் தேடும் பயணத்தில் மூன்று துணைவர்களோடு பனியில் போனவர் திரும்பவே இல்லை. சோவியத் கப்பல்கள் 1930களில் அந்தப் பகுதியை அலசிய பிறகுதான் 'சான்னிகோவ் நிலம்' மேப்பிலிருந்து போனது.

படம் பொய் சொல்லுமா?

சொல்லும். தெரிந்து அல்ல, அது எடுக்கப்படும் விதத்தால்.

முதல் விஷயம், போனில் நாம் பார்க்கும் மேப் ஒரே நாளில் எடுத்த போட்டோ அல்ல. வெவ்வேறு வருடம், வெவ்வேறு மாதத்தில் எடுத்த படங்களை ஒட்டுப் போட்டது. ஆர்க்டிக்கில் குளிர்காலம் முழுக்க இருட்டு. சாதாரண கேமரா செயற்கைக்கோளுக்கு அப்போது வேலையே இல்லை. கோடையில் வெளிச்சம் வந்தால் மேகம் வந்துவிடும். மேகமும் இல்லாமல், பனியும் குறைவாக இருக்கும் சில நாட்கள்தான் மிச்சம்.

இரண்டாவது, படத்தின் துல்லியம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ரஷ்யர்கள் கண்ட 900 சதுர மீட்டர் தீவு அந்தப் படத்தில் வெறும் ஒன்பது புள்ளி! அழுக்குப் படிந்த பனிக்கட்டியா, பாறையா என்று ஒன்பது புள்ளியை வைத்து எப்படிச் சொல்வது?

மூன்றாவது, செயற்கைக்கோள்கள் நேராகத் துருவத்தின் மேல் பறப்பதில்லை, கொஞ்சம் சாய்ந்த பாதையில்தான் சுற்றுகின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் 82 டிகிரி சொச்சத்தோடு நின்றுவிடும். காஃபெக்ளுப்பன் இருப்பது 83 டிகிரிக்கு மேல்.

அளவு விஷயத்திலும் உஷார். போன் மேப்கள் பெரும்பாலும் உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டுபவை. அதில் வடக்கே போகப் போக எல்லாமே ஊதிப்போகும். 80 டிகிரியில் இருக்கும் ஒரு தீவின் பரப்பு, பூமத்திய ரேகையில் இருப்பதைவிட 33 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது என்று மேப்பை மட்டும் பார்த்தவர் யாரும் நம்ப மாட்டார்.

ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒரே இடத்தின் படங்களை வருட வரிசையில் அடுக்குகிறார்கள். புள்ளி நகர்ந்தால் அது பனி. பத்து வருடமாக அதே இடத்தில் அதே வடிவில் நின்றால் தீவாக இருக்க வாய்ப்பு அதிகம். இருட்டிலும் மேகத்திலும் வேலை செய்யும் ரேடார் படங்களையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஆனாலும் தரைதட்டிய பனிப்பாறை பல வருடம் அசையாமல் நிற்கக்கூடும் என்பதுதான் கிரீன்லாந்துச் சம்பவம் காட்டியது. கடைசியில் யாராவது போய் ஆழம் பார்த்தாக வேண்டும்.

நாலு கிரவுண்ட் பாறைக்கு ஏன் கடற்படை?

கடல் சட்டம்தான் காரணம். ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தப்படி, இயற்கையாக உருவாகி, ஓதம் ஏறும்போதும் தண்ணீருக்கு மேலே நிற்கும் நிலம்தான் தீவு. அதைச் சுற்றி 12 கடல் மைல் வரை அந்த நாட்டுக்குச் சொந்தம். நடுக்கடலில் தனியாக ஒரே ஒரு பாறை இருந்தால்கூட, கணக்குப் போட்டால் சுமார் 452 சதுர கடல் மைல், அதாவது ஏறக்குறைய 1,550 சதுர கிலோமீட்டர் கடல் கிடைக்கும். மனிதர் வாழத் தகுதியான தீவு என்றால் 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய், எரிவாயு உரிமை. பனிப்பாறைக்கு இதில் எதுவுமே கிடையாது. அதனால்தான் 'அடியில் மண்ணா, பனியா' என்ற கேள்வி விஞ்ஞானிகளின் தலைவலியாக மட்டும் நிற்பதில்லை.

ஆனால் இதையும் ஊதிப் பெரிதாக்க வேண்டாம். வீஸே விரிகுடாத் தீவுகள் ஏற்கெனவே ரஷ்யக் கரையை ஒட்டி, விரிகுடாவுக்கு உள்ளேயே இருப்பவை. புதிதாகக் கடல் எதுவும் ரஷ்யாவுக்கு வந்துவிடவில்லை. அங்கே கடற்படைக்கு வேண்டியது சரியான வரைபடம். வடக்குக் கடல்வழியில் கப்பல் போக்குவரத்தை வளர்க்க நினைக்கும் நாட்டுக்கு, வரைபடத்தில் இல்லாத ஒரு பாறை பெரிய ஆபத்து. கூடவே, 'இந்தப் பகுதியில் நாங்கள் இருக்கிறோம்' என்று காட்டவும் இது ஒரு வாய்ப்பு.

படம் எல்லையையே மாற்றிய உதாரணம் ஹான்ஸ் தீவு. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே, 1.3 சதுர கிலோமீட்டர் வெறும் பாறை. 1984இல் கனடா வீரர்கள் கொடி நட்டு ஒரு விஸ்கி பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். டென்மார்க் அமைச்சர் வந்து தன் நாட்டுக் கொடியை நட்டு, தன் பங்குக்கு அவர்கள் ஊர் மதுவை வைத்தார். இந்த 'விஸ்கி யுத்தம்' பல வருடம் ஓடியது. 2007இல் புதிய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த பிறகு, எல்லைக்கோடு தீவின் நடுவிலேயே போகிறது என்று கனடா ஒப்புக்கொண்டது. 2022 ஜூன் 14 அன்று தீவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிரீன்லாந்து தங்களுக்கு வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கிய பிறகு, இந்தச் சமரசம் வேறு ஒரு காலத்துக் கதை போலத் தெரிகிறது.

ஆளில்லாத தீவு, நிஜமாகவே ஆளில்லாததா?

மேப்பில் பார்த்தால் கனடாவின் டெவன் தீவு சாம்பல் நிறப் பாலைவனம். உலகிலேயே மனிதர் வசிக்காத தீவுகளில் மிகப் பெரியது, சுமார் 55,000 சதுர கிலோமீட்டர். அங்கே விண்கல் விழுந்த ஹாட்டன் பள்ளம் செவ்வாய்க் கிரகம் மாதிரியே இருப்பதால், 1997 முதல் நாசா தொடர்புள்ள ஆய்வாளர்கள் செவ்வாய்ப் பயணத்துக்கான பரிசோதனைகளை அங்கே செய்கிறார்கள். தெருவே இல்லாத இந்தத் தீவுக்கு கூகுள் ஸ்ட்ரீட் வியூ படங்கள்கூட உண்டு.

ஆனால் அதே தீவின் தென்கரையில், டண்டாஸ் துறைமுகத்தில், பாழடைந்த கட்டடங்கள் நிற்கின்றன. 1934இல் இனூயிட் குடும்பங்கள் வேறு ஊர்களிலிருந்து அங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. கொடுமையான பனி நிலையில் வேட்டையாடிப் பிழைக்க வழியில்லை. இரண்டே வருடத்தில் வெளியேறினார்கள். அந்தப் பகுதியில் கனடாவின் உரிமையை நிலைநாட்டும் ஆசையும் இந்தக் குடியேற்றத்துக்குப் பின்னால் இருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் இது எதுவும் தெரியாது.

நீங்களும் தேடலாமா?

தாராளமாக. கனடாவின் விக்டோரியா தீவுக்குள் ஒரு ஏரி, ஏரிக்குள் தீவு, அதற்குள் ஏரி, அதற்குள் இன்னொரு தீவு என்று வெங்காயம் உரித்த மாதிரி போகும் சுமார் 4 ஏக்கர் இடம் இணைய மேப்பில் தேடியவர்களால்தான் பிரபலமானது. உபயோகமான வேலைதான் செய்வேன் என்பவர்களுக்கு, டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பும் பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயும் 2021இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. ஆளில்லாத கரைகளின் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டி, வால்ரஸ் கூட்டம் தெரிகிறதா என்று தேடச் சொல்கிறார்கள். கடல்பனி குறையக் குறைய அந்த விலங்குகள் அதிகமாகக் கரையில் ஒதுங்குகின்றன. நேரில் போய் எண்ணினால் மிரண்டு ஓடி ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும், அதனால்தான் வானத்திலிருந்து எண்ணுகிறார்கள்.

சும்மா வேடிக்கை பார்ப்பவர்கள், கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸ் வசதியில் நோவாயா செம்லியா என்று தேடி, 1984லிருந்து வருடங்களை ஓட்டிப் பார்க்கலாம். நாள்வாரிப் படம் வேண்டுமென்றால் நாசாவின் வேர்ல்ட்வியூ, இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் பிரவுசர். இரண்டும் இலவசம். தேதியை ஜூலை கடைசி, ஆகஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் என்று கொடுத்தால் சாதாரணப் படத்தில் எதுவும் தெரியாது.