பிலிம் போனது, பிழைத்தது யார்?
இரண்டு பெரிய கம்பெனிகளின் கதை

கல்யாண வீட்டுக்குப் போட்டோக்காரர் வந்தால், முன்பெல்லாம் எல்லோரும் தலையை வாரிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒரு பிலிம் சுருளில் 36 படம்தான். ஒரு படம் கெட்டால் ஒரு படம் நஷ்டம். பிலிமைக் கழுவி, படம் கைக்கு வர ஒரு வாரம் ஆகும்.

இன்று பாட்டியின் கையில் உள்ள செல்போனே படம் எடுக்கிறது. பிலிம் வேண்டாம். கழுவ வேண்டாம். காசும் வேண்டாம்.

நமக்கு வசதிதான். ஆனால், பிலிம் செய்து விற்றவர்கள் என்ன ஆனார்கள்?

உலகில் பிலிம் வியாபாரத்தில் இரண்டு கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்தன. ஒன்று, அமெரிக்காவின் கோடாக். மற்றொன்று, ஜப்பானின் பியூஜி. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடி விழுந்தது. ஒன்று திவால் ஆனது. மற்றொன்று முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது.

ஏன்?

பெட்டிக்குள் இருந்த பூதம்

கோடாக் கம்பெனியின் ஊர் ராச்செஸ்டர். நியூயார்க் மாநிலத்தில் உள்ளது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் 1888-ல் கோடாக் காமிராவை விற்கத் தொடங்கினார். பட்டனை அழுத்தத் தெரிந்தால் போதும், யாரும் படம் எடுக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியவர் அவர்தான். 1988-ல் கோடாக்கில் உலகம் முழுவதும் ஒரு லட்சத்து 45 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள்.

இந்தக் கம்பெனியை வீழ்த்தியது டிஜிட்டல் காமிரா. அதை முதலில் செய்தது யார் தெரியுமா? கோடாக் கம்பெனியேதான்!

1975-ல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர் அங்கே வேலை பார்த்தார். வயது 25. அவர் பிலிம் இல்லாமல் படம் எடுக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். எடை மூன்றரை கிலோவுக்கு மேல். படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடி பிடித்தது. படம் கறுப்பு வெள்ளை. 10 ஆயிரம் புள்ளிகளால் ஆன மங்கலான படம். அதை டெலிவிஷன் பெட்டியில்தான் பார்க்க முடிந்தது.

மேலதிகாரிகள் பார்த்தார்கள். படத்தைப் போய் யார் டெலிவிஷனில் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள். இதைப் பின்னாளில் சாசனே சொல்லியிருக்கிறார்.

முட்டாள்களா அவர்கள்? இல்லை. 1981-ல் கோடாக் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. டிஜிட்டல் ஒரு நாள் பிலிமை விழுங்கலாம், அதற்குப் பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று அதில் கண்டார்கள். ஆக, ஆபத்து தெரிந்தே இருந்தது.

பிறகு ஏன் தயங்கினார்கள்?

லாபம்தான் காரணம். காமிரா ஒரு முறை விற்கும். பிலிமோ ஒவ்வொரு திருவிழாவுக்கும் விற்கும். பிலிம், கழுவும் மருந்து, அச்சிடும் காகிதம் எல்லாவற்றிலும் பணம். டிஜிட்டலில் இவை எதுவும் இல்லை. பால் கறக்கும் பசுவைத் தன் கையாலேயே விற்க யாருக்கு மனம் வரும்?

கோடாக் சும்மா இருக்கவும் இல்லை. டிஜிட்டல் காமிராக்களைச் செய்தது. 2005-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற டிஜிட்டல் காமிரா கோடாக்தான். ஆனால், ஒரு காமிராவில் கிடைத்த லாபம் சொற்பம். பின்பு செல்போனே காமிரா ஆனது. தனிக் காமிராவையும் ஆள் சீந்தவில்லை.

2012 ஜனவரியில் கோடாக் திவால் மனுப் போட்டது. அப்போது அங்கே 20 ஆயிரம் பேர் கூட இல்லை. ஒரு காலத்தில் ராச்செஸ்டர் ஊரில் மட்டும் 60 ஆயிரம் பேர் கோடாக் சம்பளம் வாங்கியவர்கள். அப்பா வேலை பார்த்த ஆலையில் மகனும் சேர்வது அந்த ஊர் வழக்கம். அந்த வழக்கம் அறுந்தது.

"நமக்கு வேறு என்ன தெரியும்?"

இனி ஜப்பானுக்குப் போவோம்.

பியூஜி கம்பெனி பிறந்தது 1934-ல். 2000-ஆம் ஆண்டு அதன் தலைவர் ஆனவர் ஷிகெடாகா கொமோரி. உலகில் பிலிம் விற்பனை உச்சத்தில் இருந்த ஆண்டும் அதுதான். அந்தக் கம்பெனியின் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு புகைப்படத் தொழிலில் இருந்து வந்தது. அடுத்த பத்து ஆண்டில் கலர் பிலிமுக்கு இருந்த கிராக்கி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

கொமோரி தமது என்ஜினீயர்களைக் கூப்பிட்டார். நம்மிடம் என்ன சரக்கு விற்கிறது என்று கேட்கவில்லை. நமக்கு என்னென்ன வேலை தெரியும் என்று கணக்கு எடுக்கச் சொன்னார்.

கணக்கு எடுத்தபோது புதையல் கிடைத்தது!

பிலிம் என்பது லேசான பொருள் அல்ல. முடியைவிட மெல்லிய பூச்சுக்குள் பல அடுக்கு மருந்து. அதைத் தாங்குவது ஜெலட்டின். ஜெலட்டின் கொலாஜன் என்ற புரதத்தில் இருந்து எடுப்பது. நம் தோலுக்கு உறுதி தருவதும் அதே கொலாஜன்தான். படம் வெளுத்துப் போகாமல் காக்கும் மருந்தும் பியூஜிக்குத் தெரியும். காற்றும் வெயிலும் படத்தைக் கெடுப்பதுபோல முகத்தையும் கெடுக்கின்றன அல்லவா?

2006-ல் பியூஜி முகப்பூச்சு விற்க வந்தது. பிலிம்காரன் கிரீம் விற்பதா என்று சிரித்தவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய வருமானம் வேறு இடத்தில் இருந்தது. தட்டையான டெலிவிஷன் திரைக்குள் ஒரு மெல்லிய தாள் வேண்டும். பிலிமுக்கு அடித்தளமாக இருந்த தாளே அதற்கும் பொருந்தியது. கொமோரி பணத்தைத் தயங்காமல் கொட்டி, குமமோட்டோவில் புதிய ஆலை கட்டினார். 2008-ல் டோயாமா என்ற மருந்துக் கம்பெனியையும் பியூஜி வாங்கியது.

2006-ல் கம்பெனியின் பெயரில் இருந்த "போட்டோ" என்ற சொல்லே எடுக்கப்பட்டது.

இது இனிப்பான கதை மட்டும் அல்ல. அதே ஆண்டு புகைப்படப் பிரிவில் 5 ஆயிரம் வேலைகளை பியூஜி குறைத்தது. கம்பெனி பிழைத்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வேலை போன வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கையில் இருந்ததை விட்டவர்

இன்னொரு விஷயம். மருந்துத் தொழில் கோடாக்கிடமும் இருந்தது! 1988-ல் 510 கோடி டாலர் கொடுத்து ஸ்டெர்லிங் மருந்துக் கம்பெனியை வாங்கியது. கடன் சுமை தாங்காமல் 1994-ல் விற்றுவிட்டது. அதே ஆண்டு ரசாயனப் பிரிவையும் பிரித்துவிட்டது. எல்லா கவனமும் படத்தொழிலுக்கே என்றார்கள். பியூஜி பின்னால் பிடித்துக்கொண்டு கரையேறிய கட்டைகள் இவைதான்.

நடந்து முடிந்த பிறகு குறை சொல்வது சுலபம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது 20 ஆண்டுக்குப் பிந்தியதை யோசிப்பது கஷ்டம். என்றாலும், பணம் குவிந்துகொண்டிருந்த நாளிலேயே கணக்கு எடுத்தவர் கொமோரி. பணம் தீர்ந்த பிறகு எடுத்திருந்தால் புது ஆலை கட்ட எதைக் கொண்டு போவார்?

நம் ஊட்டியிலும் ஒரு பிலிம் ஆலை இருந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று பெயர். 1960-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் செய்தது. இன்று அது மூடிக் கிடக்கிறது. அந்தப் பழியைச் செல்போன் மீது போட முடியாது. 1990-களிலேயே அது நஷ்டத்திலும் கடனிலும் மூழ்கிவிட்டது. டிஜிட்டல் வந்தபோது எதிர்த்து நிற்க அதனிடம் தெம்பு இல்லை.

கோடாக் அடியோடு போய்விடவில்லை. 2013-ல் திவாலில் இருந்து வெளியே வந்தது. ராச்செஸ்டரில் இன்னும் சினிமா பிலிம் செய்கிறது. 2023-ல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய "ஓப்பன்ஹைமர்" படம் பிலிமில் எடுத்ததுதான். அதன் கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்கு ஏற்ற அகலத்தில் கோடாக்கிடம் கறுப்பு வெள்ளை பிலிம் இல்லை. டைரக்டர் கிறிஸ்டோபர் நோலன் கேட்டார். அந்தப் படத்துக்காகவே கோடாக் அதைப் புதிதாகச் செய்து கொடுத்தது.