ராத்திரி வெள்ளைக்காரன் சரக்கா?

"ராத்திரி ஊர் சுத்தறது வெள்ளைக்காரன் கலாச்சாரம். நமக்கு ஆறு மணிக்கு விளக்கு, எட்டு மணிக்குத் தூக்கம்"னு நண்பர் ஒருத்தர் அடிச்சு விடறார். சாமி, நான் பாலக்காட்டுக்காரன். எங்கிட்டயேவா?

எங்க பக்கத்துப் பகவதி கோயில்கள்ல தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கீங்களா? கூத்துமாடத்துல 21 விளக்கு, முன்னால திரைத்துணி. கம்பராமாயணத்தைத் தமிழ்லயே பாடி, புலவர்கள் அர்த்தம் சொல்வாங்க. 7 ராத்திரியும் உண்டு, 71 ராத்திரியும் உண்டு. தாரிகனை வதம் பண்ணப் போனதால ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமப் போன பகவதிக்காகத்தான் கூத்தே. எதிர்ல ஒரு ஆள் இல்லைன்னாலும் நிறுத்த மாட்டாங்க. கரண்ட் வராத காலத்துலயே விடிய விடிய நடந்த சமாச்சாரம் இது.

பாரீஸ்ல 1667ல தெருவிளக்கு ஏத்தினது யார்? அதே வருஷம் போலீஸ் தலைவரா உக்கார்ந்த லா ரேனி. கூத்துக்கு இல்லைங்க, காவலுக்கு. ராத்திரி வெளியில நிக்கறவனைச் சந்தேகப்படற புத்திதான் இறக்குமதிச் சரக்கு.

நம்ம ராத்திரியும் ஆம்பளைங்க ராத்திரிதான், ஒத்துக்கறேன். பாவையாட்டப் பொண்ணுங்க வந்ததே சமீபத்துலதான். அதைத் திருத்தணும்னா விளக்கை அணைச்சுட்டுப் படுக்கச் சொல்றதா?

வாளையார் தாண்டினா தமிழ்நாடு. அங்கே கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம்னு 2019ல அரசாணை போட்டாங்க. யாருக்கு? பத்து பேராவது வேலை செய்யற கடைகளுக்கு. ரெண்டே பேர் நிக்கற டீக்கடை அந்தக் கணக்குலயே வரலை. நண்பரே, இதுல கலாச்சாரம் எங்கே இருக்கு?