ஒரு பருவம் கொடுங்கள்

அன்புள்ள கரூர்ச் சொந்தங்களுக்கு,

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மாணவர் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் லேத்தில் கையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை. அவர்கள் நீட்டுகிற வரைபடத்தைப் பார்த்து, "இது நிக்காது கண்ணு, அடியை அகலமாக்கு" என்று சொல்வது மீதி. (ஆங்கிலத்தில்தான் சொல்வேன். 'கண்ணு' மட்டும் மனசுக்குள்.)

போன மாதம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அலுமினியத் தகட்டோடு வந்தாள். இந்த நான்கு மாதம் எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்டேன். "என் கம்பெனியில்" என்றாள். கம்பெனி என்றால் அவளும் இன்னொரு பெண்ணும், அவ்வளவுதான்.

இந்தப் பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியபோதே, படிப்புக்கு ஒரு பருவம், வெளியே வேலைக்கு ஒரு பருவம் என்று மாற்றி மாற்றி வைத்துவிட்டார்கள். பொறியியல் பிள்ளைகள் அந்த வேலைப் பருவங்களை முடித்தால்தான் பட்டம். அதில் ஒன்றை அடுத்தவர் கம்பெனியில் கழிக்காமல் சொந்தத் தொழிலுக்கே எடுத்துக்கொள்ளலாம். கூடவே வழிகாட்ட ஆள் உண்டு. அதுவும் வேலைப் பருவமாகவே கணக்கில் வரும். தொழில் படுத்துவிட்டால்? அடுத்த பருவம் வகுப்பில் வந்து உட்கார வேண்டியதுதான். அரியர் விழாது, வீட்டில் ஒப்பாரியும் கிடையாது.

அவள் போனபிறகு ரொம்ப நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும்.

2003. நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மாமா கொட்டகையில் எட்டுத் தறி. பாவில் ஓர் இழை அறுந்தால், ஓட்டுகிறவர் கண்ணில் படும்வரை தறி ஓடிக்கொண்டே இருக்கும். கோடு விழுந்த துணி செகண்ட்ஸுக்குத்தான் போகும். இழை அறுந்ததும் தறியை நிறுத்த ஒரு கருவி செய்யப் பார்த்தோம், நானும் நண்பனும். பெரிய கண்டுபிடிப்பு இல்லை. விலை உயர்ந்த தறிகளில் அது அப்போதே இருந்தது. நம்மூர்ப் பழைய தறிக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் மாட்ட முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. மூன்று மாதம் கொட்டகையே கதி என்று கிடந்தோம். இரண்டு தறியில் வேலை செய்தது.

அதற்குள் அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கண்டோனேஷன் ஃபீஸ் கட்டினோம். "தறி ஓட்டறதுக்கா இத்தனை பணம் கட்டறேன்?" என்று கேட்டவர், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேறெதுவும் பேசவில்லை. கருவி பரணுக்குப் போனது. இறுதி ஆண்டில், ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டுக்கு எனக்கு நல்ல மார்க் போட்டார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். நீங்கள் படித்த கல்லூரியும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். 2008இல் இங்கே ஒரு விடுதியைத் தொழில் ஆசையுள்ள சுமார் 70 மாணவர்களுக்கென்றே ஒதுக்கி, 'வெலாசிட்டி' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் திட்டத்தின் வழியே வந்த டெட் லிவிங்ஸ்டன் படிப்பை விட்டுவிட்டு 'கிக்' என்ற செயலியைத் தொடங்கினார். 2011இல், அடுத்து வருகிற பிள்ளைகளுக்காகப் பத்து லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். 5,000, 25,000 டாலர் என்று அது பிரிந்து போனது. யாரிடமும் பங்கு கேட்கவில்லை. பங்கு வாங்கி முதலீடு செய்கிற முறை பின்னால்தான் வந்தது. அவர் கம்பெனியே பிற்பாடு ஒரு கிரிப்டோ நாணயத்தை விட்டு, அமெரிக்காவில் வழக்கில் மாட்டி, 2019இல் செயலி கைமாறிப்போனது. அதற்காகப் பிள்ளைகளுக்குக் கொடுத்த காசு ஒன்றும் திரும்பிப் போய்விடவில்லை.

காசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒருவர் கண்டுபிடித்தது பொதுவாக அவருக்கே சொந்தம் என்று இந்தப் பல்கலைக்கழகம் விதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

நம் பக்கம் எதுவுமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் 'டான்சீட்' திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தருகிறது. இன்னோவேஷன் வவுச்சரில் 2 லட்சம், 5 லட்சம் என்று வாங்கலாம். ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு ஸ்டார்ட்அப் கொள்கை, தொழில் தொடங்கும் மாணவருக்கு அட்டென்டன்ஸ் குறைந்தாலும் அனுமதி கொடுத்துத் தேர்வெழுத விடலாம், படிப்பில் இடைவெளி தரலாம் என்கிறது. அதே கொள்கைதான், கல்லூரியின் வசதிகளைப் பயன்படுத்தினால் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நிர்வாகங்களுக்கு இந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

1916இல் ஒரு லட்சம் ரூபாய் முதல் போட்டு கரூர் வைசியா வங்கியைத் தொடங்கிய ஊர் நம்முடையது. பத்து வருஷம் கழித்து ஏழு பேர் கூடி லட்சுமி விலாஸ் வங்கி. (2020இல் அது வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்ட பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.) இன்றைக்கும் புதிதாகக் கொட்டகை போடுகிறவனுக்கு மாமன் மச்சான் கைமாற்றுக் கொடுத்தால் வட்டிப் பேச்சு வராது. அதே பையன் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வந்து கேட்டால் மட்டும், "டிகிரியை முடிடா மொதல்ல" என்கிறோம்.

நானும் இங்குள்ள மூன்று நண்பர்களும் ஐந்து லட்சம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு குழுவுக்கு 50,000. பங்கும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். செலவு பில் மட்டும் காட்டட்டும். இது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான், தெரிந்தேதான் சொல்கிறேன். ஏற்றுமதிக்காரர்களிடமும் பஸ் பாடி கட்டுகிற அண்ணன்மார்களிடமும் நான் கேட்பது காசு இல்லை. ஒரு பையன் கருவியோடு வந்து நின்றால், ஒரு வாரம் இரண்டு தறி ஒதுக்கிக் கொடுங்கள். தேறாது என்றால் ஏன் தேறாது என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். தேறினால் விலை பேசி ஒன்று வாங்குங்கள். முதல் பில் போட்ட பிள்ளைக்கு வருகிற தைரியம் எந்தப் போட்டியில் பரிசு வாங்கினாலும் வராது. இங்கே அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி நடத்துகிறவர்களே, ஒரே ஒரு பருவம் கொடுங்கள். பில்லோடும் வாடிக்கையாளரோடும் வருகிற மாணவனின் தொழிலையே அவனுடைய ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். படுத்துப்போன தொழிலாக இருந்தாலும் சரி. கடையில் வாங்கிய ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போட்டவர்கள்தானே நாம்?

பெற்றோர்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எங்கள் அப்பாவிடமே இந்த ஐந்து லட்சத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

தை பிறந்ததும் வருகிறேன். மாமா தறிகளை விற்றுவிட்டுக் கொட்டகையை வாடகைக்கு விட்டுவிட்டார். சும்மா கிடக்கிற இரண்டு தறியும், கரண்ட் கனெக்‌ஷனும், ராத்திரி பத்து மணி வரைக்கும் பிள்ளைகள் சத்தம் போட்டால் கோபித்துக்கொள்ளாத அக்கம்பக்கமும் உள்ள இடம் யாரிடமாவது இருந்தால் சொல்லி வையுங்கள். வாடகை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பையன்,
வாட்டர்லூவிலிருந்து