களரியும் கமராவும்

மட்டக்களப்பு வாவிக் கரையிலே குடியிருப்பவனுக்கு இரவு ஓசையற்ற பொழுதன்று. அறுவடை முடிந்து ஊர்களிலே கூத்துப் பழகும் காலமாயின், அக்கரையில் ஒலிக்கும் மத்தளம் நீரின் மேலாக வந்து இக்கரை வீட்டு விறாந்தையிலே கேட்கும். அத்தகைய ஓரிரவிலே சில மாணவரோடு அமர்ந்து ஓர் இசை நிகழ்ச்சியைத் திரையிலே பார்த்துக்கொண்டிருந்தேன். 1976ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் மொந்த்ரோ நகரத்து ஜாஸ் விழாவிலே 'சக்தி' என்னும் குழுவினர் நிகழ்த்திய கச்சேரி அது. கித்தார் வாசித்தவர் ஆங்கிலேயரான ஜோன் மக்லாஃப்லின்; வயலின் எல். சங்கர், தபேலா சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். நால்வரும் நம் கச்சேரி மேடைகளிற் போலத் தரையிலே அமர்ந்து வாசித்தனர்.

அயலூரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் வாசலோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நெடுங்காலமாகக் கூத்துப் பழக்கிவரும் அண்ணாவியார் அவர். கடத்தின் முறை வந்ததும் உள்ளே வந்து அமர்ந்துவிட்டார். "இது ஆர் மனே அடிக்கிற? பானையையே பேச வெச்சிட்டான்!" என்று வியந்தார். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "மத்த மூண்டு பேரும் இவன்ட கையையேதான் பாக்கிறாங்க, கண்டீங்களா? களரியிலயும் அப்பிடித்தான் இருக்க வேணும்" என்றார். ஜாஸ் என்னும் சொல்லை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பதை ஒரு நொடியிலே கண்டுகொண்டார்.

பின்னர் அவர் ஒரு செய்தி சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஊர்க் கூத்தைத் தொலைக்காட்சியிற் காட்டுவதற்கென ஒரு குழுவினர் வந்திருந்தனராம். ஊரே மகிழ்ந்து உடுப்புக் கட்டி நின்றது. வந்தவர்கள் கேட்டது பத்து நிமிடம். "சபை வரவு முடியமுந்தியே வயரைச் சுத்திப் போட்டாங்க மனே. பத்து நிமிசத்தில நான் எதைக் காட்டுற?" என்றார். குறை கூறும் குரலிலே அதனைச் சொல்லவில்லை. மழை பெய்யாத ஆண்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அந்த ஒளிபரப்பை நானும் பார்த்திருந்தேன். கெருடமும் கரப்புடுப்பும் தெரிந்தன. சதங்கைக் கால்கள் தெரிந்தன. மத்தளம் கொட்டியவரின் கை ஒருமுறையேனும் தெரியவில்லை.

இவ்வாரம் நான் எழுத விரும்புவது அந்தத் தெரியாத கையைப் பற்றியே.

ஜாஸ் என்பது நியூ ஓர்லீன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உருக்கொண்ட இசை. மட்டக்களப்பாருக்கு அந்நகரம் முற்றிலும் அந்நியமானதன்று. இரண்டாம் உலகப் போரின் பின் இங்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியிலே பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவியர் நியூ ஓர்லீன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். 1948இல் வந்து எழுபது ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து 2018இல் மறைந்த அருட்தந்தை ஹரி மில்லர் அந்நகரத்திலேயே பிறந்தவர். அவர்கள் ஜாஸ் கற்பிக்க வந்தவர்களல்லர். எனினும் ஒரு நகரத்தின் மக்களை அறிந்த பின் அதன் இசையைக் கேட்க நமக்கு வேறு சிபாரிசு வேண்டியதில்லை.

ஜாஸ் இசையிலே எழுதிவைத்த மெட்டு ஒரு தொடக்கமே. அதனை விரிப்பதும் திருப்புவதும் அந்த வேளையிலே வாசிப்பவனின் மனோதர்மம். ஒருவன் வாசிப்பதைக் கேட்டு மற்றவன் விடை சொல்லுகிறான். அவ்விடை நேற்றைய விடையன்று. கர்நாடக இசை கேட்டுப் பழகிய நமக்கு இது புதுமையாகாது. கூத்திலும் இதுவே நிகழ்கிறது. ஆடுபவன் களைத்தால் பிற்பாட்டுக்காரர் தருவை நீட்டிப் பிடிப்பர். அவன் உரங்கொண்டால் அண்ணாவியார் தாளத்தை முடுக்குவார். ஏட்டிலே உள்ளது கதையும் பாட்டும். களரியிலே உள்ளது ஒருவரை ஒருவர் கேட்டல். ஆகவே இக்கலைகளைப் படம்பிடிக்க வருபவன் முதலிலே படம்பிடிக்க வேண்டியது அந்தக் கேட்டலையே.

அது இயலுமா என்று ஐயுறுவோர்க்கு 1957ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி விடையாகும். அன்று அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சி, 'ஜாஸின் ஒலி' என்று பொருள்படும் பெயரிலே ஒரு மணி நேர நிகழ்ச்சியை நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பியது. அலங்கார அரங்கம் இல்லை. கலைஞர்கள் வழக்கமான உடையிலே தொப்பியோடும் சிகரெட்டோடும் வந்தனர். கமராக்களும் மறைக்கப்படவில்லை. பில்லி ஹாலிடே என்னும் பாடகி உயர்ந்த இருக்கை ஒன்றிலே அமர்ந்திருக்க, வாத்தியக்காரர் அவரைச் சூழ நின்றனர். ஏறத்தாழ நமது வட்டக்களரி என்றே சொல்லலாம். நோயுற்றிருந்த லெஸ்ரர் யங் எழுந்து தமது சக்சபோனிலே சிறிது நேரமே வாசித்தார். அவ்வேளையிலே கமரா பாடகியின் முகத்துக்குத் திரும்பியது. பழைய தோழன் சொல்வதையெல்லாம் ஏற்றுத் தலையசைத்து முறுவலிக்கும் அந்த முகத்தை இன்றும் நாம் காணலாம். 1959ஆம் ஆண்டிலே, நான்கு மாத இடைவெளியில், இருவரும் மறைந்தனர். கமராவை அந்த முகத்துக்குத் திருப்பியவன் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் செய்த பேருதவி அதுவே.

மறுபுறமும் உண்டு. நியூபோர்ட் என்னும் கடற்கரை ஊரிலே 1954 முதல் நடைபெறும் ஜாஸ் விழாவை, 1958இலே பேர்ட் ஸ்ரேர்ன் என்னும் புகைப்படக் கலைஞர் வண்ணத் திரைப்படமாக்கினார். அழகிய படம், கூட்டத்தினரின் முகங்களை அது காட்டும் விதம் மறக்கற்பாலதன்று. எனினும் தெலோனியஸ் மொங்க் பியானோ வாசிக்கும் நேரத்திலே படம் அவரை விட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. பாய்க்கப்பல் போட்டியைப் பற்றிய வர்ணனை அவரது வாசிப்பின் மேலே ஒலிக்கிறது. கப்பல்கள் அழகானவையே. ஆனால் கப்பல்களை மறுநாளும் படம்பிடித்திருக்கலாம். அன்று மொங்க் வாசித்ததை மறுநாள் பெற முடியாது. நமது கூத்தைப் படம்பிடிப்போர் பலரும் மத்தளத்தை விட்டுக் கரப்புடுப்புக்குப் போகும்போது எனக்கு அந்தக் கப்பல்களே நினைவுக்கு வருகின்றன.

மொந்த்ரோ விழா 1967இலே தொடங்கியது. அதனைத் தொடங்கியோருள் ஒருவரான குளோட் நோப்ஸ் என்பார், மேடையிலே நிகழ்வதை ஒலியாகவும் படமாகவும் பதிந்து வைத்தலை விழாவின் கடமைகளுள் ஒன்றாகவே கொண்டார். அவ்வொளிநாடாக்கள் சேர்ந்து பெருஞ் சேமமாயின. 2013ஆம் ஆண்டிலே அச்சேமத்தை யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்தது. ஒரு சிறு ஏரிக்கரை நகரம் இதனைச் செய்தது என்பதை, வாவிக்கரையிலே வாழும் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். விழா முடிந்ததும் பந்தலோடு ஒலியையும் பிரித்துவிடலாகாது என்று ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்தார், அவ்வளவே.

அச்சேமத்திலுள்ள சக்தி குழுவின் கச்சேரியிலே நமக்கும் ஒரு பங்குண்டு. வயலின் வாசித்த சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்திலே இசையாசிரியராயிருந்தவர். மக்கள் இலங்கையிலே வளர்ந்தனர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் தமிழகத்துக்குத் திரும்பியது. அவ்வாண்டிலேதான் டேவ் புரூபெக் தம் ஜாஸ் குழுவோடு கொழும்புக்கு வந்து வாசித்தார். 1963இலே டியூக் எலிங்ரன் வந்தார். அந்நாளில் இலங்கையிலே தொலைக்காட்சி இல்லை; அவ்விரவுகளை நம் ஊரார் எவரும் திரையிலே கண்டதில்லை. நம் மண்ணை விட்டுப் போன பிள்ளையின் வில்லை மட்டும் பதினெட்டு ஆண்டுகளின் பின் வேற்றுநாட்டுக் கமரா ஒன்று பொறுமையோடு பின்தொடர்ந்தது. அதனால் அன்றோ ஓர் அண்ணாவியார் வாவிக்கரையிலே அமர்ந்து அதனைக் காண முடிந்தது!

இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இலே வந்தது. ரூபவாஹினி 1982இலே தொடங்கியது. கமராவுக்கு இன்று பஞ்சமில்லை. ஒவ்வோர் இளைஞனின் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கிறது. இருந்தும் சட்டங் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை ஒரு கூத்து வளர்ந்த வரலாற்றையும், அரங்கேற்ற இரவை மாலை முதல் விடியும் வரையும், முறையாகப் பதிந்து வைக்கும் வழக்கம் நம் ஊர்களிலே வேரூன்றவில்லை. கிடைப்பனவெல்லாம் துண்டுகள்.

முழுவிரவுக் கூத்தை யார் அமர்ந்து பார்ப்பார் என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனை மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றியபோது அவற்றைச் சுருக்கியே அமைத்தார். இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னாளிலே பேராசிரியராகி இக்கலையை ஆராய்ந்தார். கூத்துக்குப் படித்தவரிடையே மதிப்புத் தேடித் தந்தது அச்சுருக்கமே. அதனை நான் குறை கூறேன். ஆனால் அங்கே சுருக்கியவர் கலையறிந்தவர்; எதை விடுகிறோம் என்று அறிந்து விட்டார். மேலும், சுருக்கிக் காட்டுவதற்கு மூலம் ஒன்று முழுமையாக இருத்தல் வேண்டும். மூலம் அழிந்தபின் சுருக்கமே மூலமாகிவிடும். பத்து நிமிடமே கூத்து என்று நம் பேரப்பிள்ளைகள் நம்புவர்.

படம் வந்தால் மக்கள் களரிக்கு வாரார் என்று அஞ்சுவோரும் உளர். ஜாஸ் விழாக்களைத் திரையிலே கண்டவர்கள் விழாவைக் கைவிடவில்லை. நியூபோர்ட்டும் மொந்த்ரோவும் இன்றும் நடைபெறுகின்றன. கூத்துக்கு ஆள் குறைந்ததற்குக் காரணம் வேறு. போரும் இடப்பெயர்வும் ஊர்களைக் கலைத்தன. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் வீடுகளைக் கொண்டுபோயின. கூத்தேடும் கொப்பியும் இருப்பது வீட்டுப் பெட்டியிலேதான். வீடு போனால் அவையும் போகும். எஞ்சியிருப்பது அண்ணாவிமாரின் நினைவு. அந்தப் பெட்டிக்குப் பூட்டும் இல்லை, படியும் இல்லை.

ஆதலின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலக்கிய வட்டத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். கல்லடியிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது; கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; ஊர்தோறும் பாடசாலை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கூத்து என்று தொடங்குவோம். அதனை அதன் ஊரிலே, அதன் களரியிலே, அதன் நேரம் முழுவதும் பதிவோம். வட்டக்களரிக்கு முன்புறம் பின்புறம் இல்லையாதலால் ஒரு கமரா போதாது; ஒன்று எப்பொழுதும் அண்ணாவியாரையும் பிற்பாட்டுக்காரரையும் விட்டு அகலாதிருக்கட்டும். கமரா பிடிக்கும் மாணவன் முதலிலே சில கிழமைக்கூத்துகளுக்குச் சென்று தாளக்கட்டைக் காதிலே ஏற்றிக்கொள்ளட்டும். பதிவின் ஒரு படி கட்டாயமாக அவ்வூராரிடம் இருக்கட்டும். அது அவர்களுடைய பொருள்.

நம் வாவியிலே மீன் பாடும் என்பது உலகறிந்த செய்தி. எமர்சன் ரெனன்ற் 1859இலே வெளியிட்ட தமது நூலில் அதனை எழுதினார். விபுலாநந்த அடிகள் அதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். அதனைக் கேட்கும் முறையை நம் மீனவர் அறிவர். நிலவிரவிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் வைத்து, மறுநுனியைக் காதோடு சேர்க்க வேண்டும். துடுப்பை அசைத்தால் ஒன்றும் கேளாது.

அன்றிரவு கச்சேரி முடிந்து விடைபெறும்போது அண்ணாவியார், "வாற கூத்துக்கு உங்கட பொடியனுகளக் கூட்டிட்டு வாங்க மனே. விடியுமட்டும் இருக்கச் சொல்லுங்க" என்றார். போவதாக வாக்களித்திருக்கிறேன். அவருக்கு எண்பது வயதாகிறது.